பால் லிஸ்ட்டும் ரயில் லிஸ்ட்டும்

வழக்கம்போல, இது எபிசோடோட எடிட் செய்த எழுத்து வடிவம். நான் தடுமாறின இடங்கள், "அதாவது"ன்னு நாற்பது தடவை சொன்னது, பக்கத்து வீட்டு குக்கர் நடுவுல விசில் அடிச்சது, எல்லாத்தையும் எடுத்தாச்சு.

போன மாசம் ஒரு காலேஜ் பொண்ணு மெயில் அனுப்பியிருந்தாங்க. செமஸ்டர் லீவுல வெளிநாட்டுக்குப் போய்க் குழந்தைகளோட வேலை செய்யற வாலன்டியர் புரோகிராம் ஒண்ணு பார்த்திருக்காங்க. ரெண்டு கேள்வி கேட்டிருந்தாங்க. ஒண்ணு, "போகலாமா?" இன்னொண்ணு, "அங்க போனா காலையில இருந்து ராத்திரி வரைக்கும் உண்மையில என்னதான் அண்ணா செய்வாங்க?"

எனக்கு ரெண்டாவது கேள்விதான் பிடிச்சிருந்தது. ஏன்னா நானும் போனவன். 2017, இன்ஜினியரிங் மூணாவது வருஷம். நேபாளத்துல காத்மாண்டுவுக்கு வெளியே ஒரு குழந்தைகள் இல்லத்துல ஆறு வாரம் இருந்தேன். காலையில பல் தேய்க்க வரிசையில நிறுத்துறது, ஏ பி சி டி, கைதட்டிப் பாட்டு, மத்தியானம் பருப்பும் சோறும், சாயந்தரம் கிரிக்கெட். பொய் சொல்ல மாட்டேன், ரொம்ப சந்தோஷமான ஆறு வாரம். என் பழைய போன்ல 600 போட்டோவுக்கு மேல இருக்கு. கடைசி நாள் பையைக் கட்டிட்டு இருந்தப்போ, ஏழு வயசுப் பையன் ஒருத்தன் வந்து கட்டில்ல உட்கார்ந்தான். நீங்க எப்போ திரும்பி வருவீங்கன்னு கேப்பான்னு நினைச்சேன். அவன் கேட்டது, "அடுத்து யார் வருவாங்க?"

அந்தப் பையனுக்கு நான் எத்தனாவது ஆளுன்னு எனக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிஞ்சிருக்கும்.

மெயிலுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன், முடியல. பதிலா இந்த எபிசோட் வந்திருக்கு. நம்ம வயசுல, வேற நாட்டுக்குப் போய், குழந்தைகளுக்குப் பால் ஊத்தற வேலை பார்த்த சில பேரோட கதை. காலம் 1937 முதல் 1944 வரை. இடம் முதலில் ஸ்பெயின், பிறகு பிரான்சின் தெற்கு மூலை. ஆட்கள் பெரும்பாலும் சுவிட்சர்லாந்து நாட்டவர்கள்.

ஏன் சுவிஸ்னு கேட்டா, முதலில் ஒரு இன்ஜினியரைப் பத்திச் சொல்லணும். பியர் செரெசோல். 1879ல பிறந்தவர். அவரது அப்பா சுவிட்சர்லாந்தின் அதிபராகவே இருந்தவர். மகன் இன்ஜினியரிங் படித்தார், ஆனால் ராணுவ வரி கட்ட மாட்டேன் என்று சொல்லி ஜெயிலுக்குப் போனார். 1920ல, முதல் உலகப் போரில் சிதைந்துபோன வெர்தூன் பக்கத்தில் எஸ்ன் என்ற கிராமத்துக்கு ஒரு சின்னக் குழுவோடு போய், மண்வெட்டி பிடித்து இடிபாடுகளை அள்ளினார். "துப்பாக்கி தூக்கறதுக்குப் பதிலா இதைச் செய்யறோம்" என்பதுதான் யோசனை. சர்வதேசக் குடிமைச் சேவை என்று இன்றும் இயங்குகிற அமைப்பு அங்கேதான் தொடங்கியது. 1934 ஜனவரியில் பீகாரில் பெரிய நிலநடுக்கம் வந்தபோது இதே மனிதர் இந்தியாவுக்கு வந்து கிராமங்களைத் திரும்பக் கட்டும் வேலையில் இறங்கினார். காந்தியையும் சந்தித்தார். பாடப் புத்தகத்துல இவர் பேரே வராது. நான் முப்பதை நெருங்கற வயசுலதான் கேள்விப்படறேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம். 1936ல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் தொடங்கியது. இந்தச் சேவைக் குழுவும் வேறு சில சுவிஸ் அமைப்புகளும் சேர்ந்து லாரிகளில் சாப்பாட்டை ஏற்றிக்கொண்டு மாட்ரிட் பக்கம் போனார்கள். திரும்பும்போது குழந்தைகளை ஏற்றிக்கொண்டு பாதுகாப்பான வலென்சியா பக்கம் வந்தார்கள். 1937 ஏப்ரலில் அந்த வேலைக்கு ஒரு டீச்சர் வந்து சேர்ந்தார். எலிசபெத் ஐடன்பென்ஸ். சூரிச் மாகாணத்தைச் சேர்ந்த ஒரு பாதிரியாரின் மகள். வயது 23.

இருபத்து மூணு வயசுல நான் முதல் கம்பெனியில அப்ரைசல் கம்மியா வந்துடுச்சுன்னு அம்மாகிட்ட போன்ல அழுதுட்டு இருந்தேன். அது இருக்கட்டும்.

ஸ்பெயினில் அவர் பார்த்த வேலையில் சாகசம் என்று எதுவும் இல்லை. கேன்டீன் நடத்துவதுதான். எத்தனை பேர் வருவார்கள், எவ்வளவு பால் இருக்கிறது, கர்ப்பிணிகளுக்கு எவ்வளவு, முதியவர்களுக்கு எவ்வளவு, நாளைக்கு என்ன மிஞ்சும். தினமும் அதே கணக்கு.

1939 ஜனவரி கடைசியில் பார்சலோனா ஃப்ராங்கோவின் படையிடம் விழுந்தது. சில வாரங்களுக்குள் கிட்டத்தட்ட ஐந்து லட்சம் பேர் பனிக்காலத்தில் பைரனீஸ் மலையைத் தாண்டி பிரான்சுக்குள் வந்தார்கள். பிரான்ஸ் அவர்களை எங்கே வைத்தது தெரியுமா? கடற்கரையில். அர்ஜெலெஸ், சான் சிப்ரியான். இன்னைக்குக் கூகுள்ல தேடினா ரிசார்ட் விளம்பரம் வரும். அன்று முள்வேலி போட்ட வெறும் மணல். தொடக்கத்தில் தங்கக் கொட்டகைகூடக் கிடையாது. மணலில் குழி தோண்டிக் கிடந்தார்கள். அந்தக் கூட்டத்தில் நிறைமாதக் கர்ப்பிணிகளும் இருந்தார்கள். முகாமில் பிறந்த குழந்தைகள் வரிசையாகச் செத்துக்கொண்டிருந்தன.

ஐடன்பென்ஸ் மருத்துவர் இல்லை, நர்ஸும் இல்லை. ஸ்கூல் டீச்சர். அவர் ஒரு வீட்டைத் தேடினார். முதலில் ப்ரூயா என்ற ஊரில் தற்காலிகமாக ஒரு பிரசவ இல்லம். பிறகு எல்ன் என்ற சின்ன ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட ஒரு மாளிகை. சிகரெட் சுருட்டும் தாள் விற்றுப் பணக்காரரான பார்டூ குடும்பத்து ஆள் ஒருவர் கட்டியது. மூன்று மாடி, உச்சியில் கண்ணாடிக் கூரை. சுவிஸ் நன்கொடையில் அதைப் பழுது பார்த்தார்கள். 1939 டிசம்பரில் அங்கே முதல் குழந்தை பிறந்தது.

இனி அவரது ஒரு நாள் எப்படி இருந்தது என்று பார்ப்போம். வண்டியை எடுத்துக்கொண்டு முகாமுக்குப் போக வேண்டும். பிரசவத்துக்குச் சில வாரம் இருக்கும் பெண்களை வெளியே கூட்டி வர அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். அதிகாரி இல்லை என்றால் காத்திருக்க வேண்டும். கூட்டி வந்தால் முதலில் குளிக்க வெந்நீர், அப்புறம் சுத்தமான படுக்கை. மணலில் ஒரு வருடம் படுத்தவருக்கு அந்தப் படுக்கை எப்படி இருந்திருக்கும்! அறைகளுக்கு மாட்ரிட், பார்சலோனா என்று அவர்கள் விட்டு வந்த ஊர்ப் பெயர்களையே வைத்திருந்தார்கள். நடமாட முடிகிற பெண்கள் சமையலிலும் துவைப்பதிலும் கை கொடுத்தார்கள். பால் அதிகம் சுரக்கும் தாய், பால் இல்லாத தாயின் குழந்தைக்கும் கொடுத்தார். பிரசவத்துக்குப் பிறகும் சில வாரங்கள் தங்கலாம். அதற்கு மேல் தங்க வைக்க இடமில்லை. அடுத்த கர்ப்பிணி காத்திருக்கிறார். திரும்ப முகாமுக்குத்தான் போக வேண்டும். அதனால் முடிந்தவரை தேதியைத் தள்ளிப் போடுவதும் ஐடன்பென்ஸின் தினசரி வேலைகளில் ஒன்று.

அப்புறம் போட்டோ. அவரும் நிறைய எடுத்திருக்கிறார். மாடி வெயிலில் வரிசையாகக் குழந்தைகள், கொடியில் தொங்கும் குழந்தைத் துணிகள், வாசல் படிக்கட்டில் அம்மாக்கள். இந்தப் போட்டோக்கள் கடைசியில் மறுபடி வரும், ஞாபகம் வெச்சுக்கோங்க.

1944 ஏப்ரலில் ஜெர்மன் ராணுவம் அந்த மாளிகையைப் பிடுங்கிக்கொள்ளும்வரை அங்கே பிறந்த குழந்தைகள் 597. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், மாசத்துக்குச் சராசரி 11. பெரிய ஊர் ஆஸ்பத்திரியில ஒரு ராத்திரிக்குப் பிறக்கற எண்ணிக்கை. ஆனா இதுல ஒவ்வொரு குழந்தைக்கும் ஒருத்தர் வண்டி எடுத்துட்டுப் போய், முள்வேலி வாசல்ல நின்னு, சீட்டு வாங்கிட்டு வந்திருக்காங்க.

இதுவரை கேட்டால் நல்லபடியான கதைதான். இப்போ அதே பக்கத்தில், பெர்ப்பின்யான் நகரத்துக்கு வடக்கே இன்னொரு இடத்துக்குப் போவோம். ரிவ்சால்ட். இனிப்பான மஸ்கட் ஒயினுக்குப் பேர்போன ஊர். அங்கே 600 ஹெக்டேர் பரப்பில் ஒரு ராணுவ முகாம் இருந்தது. 1941 ஜனவரியில் அதை அகதிகளை அடைக்கும் முகாமாக மாற்றினார்கள். ஜெர்மனியிடம் தோற்ற பிறகு தெற்கு பிரான்சை ஆண்டது விஷி அரசு. ஸ்பெயின் அகதிகள், ஜெர்மனியிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் தப்பி வந்த யூதர்கள், ரோமா மக்கள் எல்லோரையும் அங்கே கொண்டுவந்து போட்டார்கள். அதில் பெரும் பகுதி குழந்தைகள். ஆண்கள் தனி, பெண்களும் குழந்தைகளும் தனி. மரமே இல்லாத சமவெளி. குளிர்காலத்தில் எலும்புவரை போகிற காற்று, கோடையில் அடுப்பு மாதிரி வெயில். எலிகள். தண்ணீர் மாதிரி ஒரு சூப்.

1941 நவம்பரில் அங்கே வந்து இறங்கினார் ஃப்ரீடல் ரைட்டர். குழந்தைகள் நர்ஸ். வயது 29, என்னைவிட ஒரு வயசு பெரியவங்க. இவரது கதையில் ஒரு விஷயம் என்னை நிறுத்தி வைத்தது. இவர் பிறந்தது சுவிட்சர்லாந்தில் இல்லை, வியன்னாவில். முதல் உலகப் போரில் அப்பா இறந்துவிட்டார். போர் முடிந்தபோது வியன்னாவே பட்டினியில் கிடந்தது. அங்கிருந்து ஆயிரக்கணக்கான குழந்தைகளை ரயிலேற்றி, சாப்பாடு போட்டு உடம்பு தேற்ற சுவிட்சர்லாந்துக்கும் வேறு நாடுகளுக்கும் அனுப்பினார்கள். அப்படி ஒரு ரயிலில் வந்த குழந்தைதான் ஃப்ரீடல். வந்தவர் அங்கேயே வளர்ந்து, நர்ஸாகப் படித்தார். அதாவது, க்யூவில் தட்டு ஏந்தி நின்ற குழந்தை இருபது வருடம் கழித்துக் கரண்டியைப் பிடிக்கும் பக்கத்துக்கு வந்து நிற்கிறார்.

அவர் தினமும் டைரி எழுதினார். 1993ல் அது புத்தகமாக வந்தது. பசி, காற்று, குளிர், "போதவில்லை" என்ற உணர்வு, இவைதான் அதில் திரும்பத் திரும்ப வருகின்றன. சுவிஸ் உதவிக்கு முகாமுக்குள்ளேயே ஒரு கொட்டகை. வேலை என்ன? பால் கொடுப்பது, அரிசி வேகவைத்துக் கொடுப்பது, துணி கொடுப்பது, நோயாளிக் குழந்தைகளைப் பார்த்துவிட்டு வருவது. எல்லாக் குழந்தைகளுக்கும் எல்லாமும் கிடைக்காது. அதனால் லிஸ்ட்.

இங்கே கொஞ்சம் நிறுத்தறேன். நான் பகல்ல வேலை பார்க்கறது டேட்டாபேஸ்ல. லிஸ்ட்தான் என் சோறு. பெயர், வயது, எந்த நாடு, எந்தக் கொட்டகை, கூட யார் இருக்காங்க. பால் கொடுக்க இந்த விவரம் இல்லாம முடியாது. எந்த வயசுக்குக் கீழே இருந்தா பால், எவ்வளவு எடை குறைஞ்சா கூடுதல் சாப்பாடு, யாரை முகாமுக்கு வெளியே இருக்கற குழந்தைகள் இல்லத்துக்கு அனுப்பலாம். ஒரு நல்ல வாலன்டியர் நல்ல லிஸ்ட் வெச்சிருப்பார். 1942 கோடையில இன்னொரு லிஸ்ட் வந்தது. அதுலயும் அதே காலம்தான்: பெயர், வயது, எந்த நாடு, எந்தக் கொட்டகை.

அந்தக் கோடையில், வெளிநாட்டு யூதர்களில் பத்தாயிரம் பேரை ஒப்படைக்கிறோம் என்று விஷி அரசு ஜெர்மனிக்கு ஒப்புக்கொண்டது. தெற்குப் பகுதிக்கு ரிவ்சால்ட்தான் மையம். ஆகஸ்ட் முதல் அக்டோபர்வரை அங்கிருந்து ஒன்பது ரயில்கள் கிளம்பின. 2,200க்கும் மேற்பட்டவர்கள். முதலில் பாரிஸ் பக்கத்தில் உள்ள திரான்சி, அங்கிருந்து ஆஷ்விட்ஸ். வழியனுப்பியவர்கள் பிரெஞ்சு அதிகாரிகள், பிரெஞ்சு போலீஸ்.

தொடக்கத்தில் ஒரு விதிவிலக்கு இருந்தது. பெற்றோர் விரும்பினால் குழந்தையை விட்டுவிட்டுப் போகலாம். "விரும்பினால்" என்ற அந்த வார்த்தையை யோசிச்சுப் பாருங்க. ரயில் எங்கே போகிறது என்று சொல்லவில்லை. வேலைக்குக் கூட்டிப் போகிறார்கள் என்றுதான் பேச்சு. ஒரு அம்மா, கையில் குழந்தையோடு, முன்பின் பெரிதாகத் தெரியாத ஒரு நர்ஸிடம் அதைக் கொடுத்துவிட்டு ரயில் ஏற வேண்டும். அந்த நர்ஸும் "கொடுங்க, நான் பார்த்துக்கறேன்" என்று சொல்ல வேண்டும், தன்னால் உண்மையில் எவ்வளவு பார்த்துக்கொள்ள முடியும் என்று தெரியாமலே. சில வாரத்தில் அந்த அனுமதியும் போய்விட்டது.

ஃப்ரீடல் என்ன செய்தார்? சில குழந்தைகளை முகாமுக்குள்ளேயே ஒளித்து வைத்தார். சிலரை லிஸ்ட்டிலிருந்து எடுக்கவைத்தார். சிலரை வெளியே உள்ள சுவிஸ் இல்லங்களுக்கு நகர்த்தினார். எல்லோரையும் அல்ல. போன குழந்தைகளை வழியனுப்பியதும் அவர்தான். கிளம்பும்போது கையில் சாப்பாடு கொடுக்க வேண்டியிருந்தது.

இதைப் படிச்ச ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. ஹீரோ கதையில ஒளிச்சு வைக்கறது மட்டும்தான் வரும். ரயிலுக்குப் பொட்டலம் கட்டறது வராது. ரெண்டும் ஒரே கை, ஒரே வாரம். "பொட்டலம் கட்ட மாட்டேன்"னு அவர் சொல்லியிருந்தா ரயில் நின்னிருக்காது, குழந்தை பசியோட போயிருக்கும். முகாமை விட்டு அவரைத் துரத்தியிருந்தா ஒளிச்சு வைக்க ஆளே இருந்திருக்காது. அதே சமயம், ஒரு வெள்ளைக்கார நாட்டு நர்ஸ் சிரிச்ச முகமா நின்னு சாப்பாடு கொடுக்கறதைப் பார்த்து, "இவ்வளவு மோசமா இருக்காது"ன்னு எத்தனை பேர் நம்பி ஏறியிருப்பாங்களோ! இதுக்கு என்கிட்ட தீர்ப்பு இல்ல.

இதே ஆகஸ்டில் மேற்கே, ஆரியேஜ் மலைப் பகுதியில் நடந்ததையும் சொல்லிடறேன். லா ஹில் என்ற பாழடைந்த கோட்டை. அங்கே சுமார் நூறு யூதக் குழந்தைகள். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் இருந்து பெற்றோர் பெல்ஜியத்துக்கு அனுப்பி வைத்த பிள்ளைகள். 1940 மே மாதம் ஜெர்மனி பெல்ஜியத்துக்குள் நுழைந்தபோது சரக்கு ரயிலில் தெற்கே ஓடி வந்தவர்கள். முதல் குளிர்காலத்தை ஒரு பண்ணைக் கொட்டகையில் கழித்தார்கள். 1941ல் அவர்களைப் பார்த்துக்கொள்ள வந்தவர் ரோஸ்லி நேஃப் என்ற சுவிஸ் நர்ஸ். அதற்கு முன் ஆப்பிரிக்காவில், லம்பரேனேயில் ஆல்பர்ட் ஷ்வைட்சரின் மருத்துவமனையில் வேலை பார்த்தவர்.

ரோஸ்லி கண்டிப்பானவர். பிள்ளைகளுக்கு முதலில் அவரைப் பிடிக்கவே இல்லை. எல்லாவற்றுக்கும் நேரம், எல்லோருக்கும் வேலை. விறகு வெட்டுவது, தோண்டுவது, காய் நறுக்குவது. பெரிய பையன்கள் பக்கத்துப் பண்ணைகளுக்கு வேலைக்குப் போனார்கள். எங்க ஹாஸ்டல் வார்டன் ஞாபகம் வருது.

1942 ஆகஸ்ட் 26. விடியற்காலையில் போலீஸ் வந்து கோட்டையைச் சுற்றி வளைத்தது. கையில் லிஸ்ட். பதினாறு வயதுக்கு மேற்பட்ட சுமார் நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு லெ வெர்னே என்ற முகாமுக்குப் போனது. அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்ததும் ரோஸ்லி அங்கே போனார். வாசலில் அடம்பிடித்து உள்ளே நுழைந்தார். அதற்குப் பிறகு வெளியே வரவில்லை. என் பிள்ளைகள் இருக்கும்வரை நானும் இங்கேதான் என்று தங்கிவிட்டார். துலூஸ் நகரத்தில் சுவிஸ் உதவியின் தலைவராக இருந்த மாரிஸ் துபுவா, நேராக விஷிக்குப் போனார். இந்தப் பிள்ளைகளை விடவில்லை என்றால் பிரான்சில் உள்ள அத்தனை சுவிஸ் இல்லங்களையும் மூடிவிடுவோம் என்றார். அப்படி மூட அவருக்கு அதிகாரமே இல்லை! ஆனால் பலித்தது. செப்டம்பர் தொடக்கத்தில் அத்தனை பேரும் கோட்டைக்குத் திரும்பினார்கள்.

மிரட்டல் ஏன் பலித்ததுன்னு யோசிச்சீங்களா? அந்த இல்லங்களில் பிரெஞ்சுக் குழந்தைகளும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சுவிஸ் பால் நின்றால் விஷி அரசுக்குத் தலைவலி. மூணு வருஷமா தினமும் ஊத்தின பால்தான் அன்னைக்கு அவர் மேசையில வெச்ச துருப்புச் சீட்டு.

அதன் பிறகு நடந்தது இன்னும் கஷ்டமான பகுதி. போலீஸ் மறுபடி வந்தால் ஒளிய, கோட்டைக்குள் ஒரு மறைவான இடத்தை ஏற்பாடு செய்தார்கள். வெங்காயம் போட்டு வைக்கும் இடம் என்பதால் அதற்கு வெங்காய அறை என்றே பெயர். பிள்ளைகளை சுவிட்சர்லாந்துக்குக் கூட்டிப்போக அனுமதி கேட்டார்கள், பெர்ன் மறுத்தது. அதே ஆகஸ்டில்தான் சுவிட்சர்லாந்து தன் எல்லையை மூடியிருந்தது. யூதர் என்பதால் மட்டும் தப்பி வருகிறவர் அகதி இல்லை என்றது. அந்த நாட்டு மக்கள் கொடுத்த காசில்தான் இந்தப் பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பசித்தால் பால் அனுப்புவோம், உயிருக்குப் பயந்து ஓடி வந்தால் கதவைச் சாத்துவோம். எனக்குக் கோபம் வர்ற இடம் இது.

வேறு வழியில்லாமல் பெரிய பிள்ளைகள் குழுக்களாகக் கிளம்பி, யாருக்கும் தெரியாமல் எல்லையைத் தாண்டப் பார்த்தார்கள். ரோஸ்லிக்குத் தெரிந்தே, அவர் உதவியோடுதான். சிலர் தாண்டினார்கள். ஒரு குழு பிடிபட்டது. பிடிபட்டவர்களில் சிலர் ஆஷ்விட்ஸிலிருந்து திரும்பவில்லை. விஷயம் மேலே போனது. 1942 தொடக்கத்திலேயே இந்த உதவி அமைப்பு சுவிஸ் செஞ்சிலுவைச் சங்கத்தின் கீழ் வந்திருந்தது. நடுநிலை முக்கியம், பிரான்சின் சட்டங்களை அப்படியே கடைப்பிடிக்க வேண்டும், அது உங்கள் மனசாட்சிக்கு ஒத்துவருகிறதா என்று நீங்கள் பார்க்க வேண்டியதில்லை என்ற பொருளில் ஊழியர்களுக்கு 1943 தொடக்கத்தில் உத்தரவு வந்தது. ரோஸ்லியை வேலையிலிருந்து விலக்கினார்கள்.

உத்தரவு போட்டவங்க பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. ஒரு ஊழியர் மாட்டிக்கொண்டால் மொத்த அமைப்பையும் வெளியேற்றிவிடுவார்கள், ஆயிரக்கணக்கான குழந்தைகளின் பால் நின்றுவிடும் என்பது அவர்களது பயம். பயம் பொய்யில்லை. ஆனால் ரோஸ்லிக்குப் பிறகு லா ஹில்லுக்கு வந்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஆன்-மரி பிகே என்ற இளம் சுவிஸ் பெண், ஜூரா மலையில் எல்லையோரம் தனக்குத் தெரிந்த காட்டுப்பாதை வழியாகப் பிள்ளைகளைத் தாண்ட வைத்தார். உத்தரவு கையில் வந்த பிறகும். நூறு பிள்ளைகளில் பெரும்பாலோர் பிழைத்தார்கள்.

நான் திரும்பத் திரும்பப் பார்க்கற விஷயம் ஒண்ணு இருக்கு. இவங்க யாரும் ஆளைக் காப்பாத்தப் போகல. போனது பால் ஊத்த, துணி துவைக்க, எடை பார்க்க. ரோஸ்லி வாசல்ல அடம்பிடிச்சப்போ அவருக்கு அந்த நாற்பது பேரையும் தெரியும். எவன் விறகு வெட்ட மாட்டான், எவளுக்கு ராத்திரி பயம் வரும்னு தெரியும். ஒரு வருஷத்துக்கு மேல கூடவே இருந்திருக்கார். ஃப்ரீடலுக்கு எந்தக் கொட்டகையில எந்தக் காவலாளி எப்போ நிப்பான்னு தெரியும், ஏன்னா தினமும் அந்த வழியாத்தான் பால் போச்சு. ஆறு வாரத்துல கிளம்பற ஒருத்தருக்கு இது தெரிஞ்சிருக்காது. எனக்குத் தெரிஞ்சிருக்காது.

மெயில் அனுப்பின தங்கச்சிக்குப் பதில் இதுதான். நாள் முழுக்க என்ன செய்வாங்கன்னு கேட்டீங்க இல்லையா? சலிப்பூட்டற வேலைதான் செய்வாங்க. போகலாமான்னு அந்த புரோகிராம்காரங்களைக் கேக்கறதுக்கு முன்னாடி, அங்க ஏற்கெனவே வருஷக்கணக்குல வேலை பார்க்கற உள்ளூர் ஆள் யாருன்னு கேளுங்க. அவங்க பேரைச் சொல்லத் தெரியலைன்னா, அந்தக் காசுல ஊருக்குப் போயிட்டு வாங்க. தேர்வுக்கு நடுவுல மெயில் போட வேண்டாம், முடிஞ்சதும் போடுங்க.

பிறகு என்ன ஆச்சுன்னு சுருக்கமா சொல்லிடறேன். ஃப்ரீடல், லெ ஷாம்போன் என்ற மலை ஊரில் குழந்தைகள் இல்லங்களை நடத்திய ஆகஸ்ட் போனி என்ற சுவிஸ் டீச்சரைத் திருமணம் செய்துகொண்டார். இஸ்ரேலின் யாத் வஷேம், யூதர்களைக் காப்பாற்றியவர்களுக்குத் தரும் கௌரவத்தை ரோஸ்லிக்கு 1989லும் போனி தம்பதிக்கு 1990லும் கொடுத்தது. ரிவ்சால்ட் முகாமில் 2015ல் ஒரு நினைவகம் திறந்தார்கள். பழைய கொட்டகைகள் இடிந்தபடியே நிற்கின்றன.

எலிசபெத் ஐடன்பென்ஸ் போர் முடிந்ததும் ஆஸ்திரியாவுக்குப் போனார். வியன்னா பக்கத்தில், மறுபடியும் அகதிக் குழந்தைகளுக்கான வேலை. ஃப்ரீடலை ரயிலேற்றி அனுப்பின அதே ஊர்ப்பக்கம். பல வருடம் அங்கேயே வாழ்ந்தார். எல்ன் கதை யாருக்கும் தெரியாது, அவரும் யாரிடமும் போய்ச் சொல்லிக்கொள்ளவில்லை. அந்த மாளிகையில் பிறந்தவர்கள் வயதான பிறகு, தங்கள் பிறப்புச் சான்றிதழில் ஏன் அந்தச் சின்ன ஊரின் பெயர் இருக்கிறது என்று தேடிக்கொண்டு வந்து அவரைக் கண்டுபிடித்தார்கள். 2002ல் யாத் வஷேம் அவரையும் கௌரவித்தது. 2011ல் சூரிச்சில், 97 வயதில் இறந்தார்.

அவர் எடுத்த போட்டோக்களைப் பத்திரமாக வைத்திருந்தார். படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் அம்மாக்கள், வெயிலில் வரிசையாகப் படுத்திருக்கும் குழந்தைகள். அறுபது வயதைத் தாண்டிய ஆட்கள் அந்தப் படங்களில் தங்களையும், இளம்வயது அம்மாவையும் தேடினார்கள்.

நானும் இந்த வாரம் என் பழைய போனை சார்ஜ் போட்டு, அந்த 600 போட்டோவையும் பார்த்தேன். கட்டில்ல வந்து உட்கார்ந்த பையன் பதினாலு படத்துல இருக்கான். பேர் ஞாபகம் வரல. அந்த இல்லத்தோட நம்பருக்கு நேத்து மெசேஜ் போட்டிருக்கேன், இன்னும் ரெண்டு டிக் வரல.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம் மக்களே.